டிரெட்மில் பெல்ட் இடது பக்கம் ஒதுங்குகிறது, கால் வைத்தால் வழுக்குகிறது

கேள்வி:
வீட்டு டிரெட்மில், 2 ஹெச்பி மோட்டார். பெல்ட் இடது ஓரத்தில் உரசி ஓடுகிறது. காலை ஊன்றினால் ஒரு கணம் நின்று பிறகு வெடுக்கென்று இழுக்கிறது. பின் ரோலரின் இரண்டு போல்ட்டையும் ஒரு முழுச் சுற்று இறுக்கியாயிற்று, பலனில்லை. இன்னும் இறுக்கலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. இறுக்கியதை அப்படியே தளர்த்திவிடுங்கள். அளவு மீறி இறுக்கினால் ரோலர் பேரிங் போகும், மோட்டார் அதிக கரண்ட் இழுத்து கண்ட்ரோலர் போர்டும் புகையும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தை நடுநீளத்தில் தூக்கிப் பாருங்கள். பொதுவாக 5 முதல் 7 செ.மீ. எழும்பினால் இறுக்கம் சரி.

பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். வறண்டிருந்தால் கோளாறு அங்கேதான்: மிதிக்கும்போது பெல்ட் தனக்கு அடியிலுள்ள பலகையைப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கி இதைத் தீர்க்க முடியாது.

பதில் 2:
எந்த பெல்ட் வழுக்குகிறது என்று முதலில் பாருங்கள்: கால் வைக்கும் நடைபெல்ட்டா, மோட்டாரிலிருந்து முன் ரோலரைச் சுற்றும் டிரைவ் பெல்ட்டா. மோட்டார் மூடியைக் கழற்றி, ஒருவர் மெதுவாக நடக்க இன்னொருவர் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். கை, துப்பட்டா எதுவும் அருகில் போகக்கூடாது. முன் ரோலர் சுற்றியும் நடைபெல்ட் நின்றால் நடைபெல்ட் தளர்வு. ரோலரும் சேர்ந்து நிற்க, மோட்டார் புல்லி மட்டும் சுற்றினால் டிரைவ் பெல்ட். அதன் வரிகள் பளபளவென்று தேய்ந்து, கீழே கறுப்புத் தூள் கிடந்தால் மாற்றிவிடுங்கள். முதுகில் 180ஜே6 என்பதுபோல் எண் இருக்கும்: 18 அங்குல நீளம், 6 வரி. அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடிப்பக்கம் வறண்டுதான் இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

பதில் 1:
வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பெல்ட்டைக் கெடுக்கும். 100% சிலிக்கான் எண்ணெய் மட்டும். தூசியைத் துடைத்துவிட்டு, கால் படும் நடுப்பகுதியில் பக்கத்துக்கு 10 முதல் 15 மி.லி. விடுங்கள். ஆளில்லாமல் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் பரவிவிடும். அதிகம் ஊற்றினால் ரோலரில் ஏறி, புதிதாக வழுக்கத் தொடங்கும். மெழுகு பூசிய பலகை என்று கையேட்டில் இருந்தால் எண்ணெயே கூடாது.

பதில் 3:
ஒதுங்கலைக் கடைசியில் சரிசெய்யுங்கள். தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சில நேரம் கோளாறு தரையில்தான். பிறகு மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் காலியாக ஓடவிட்டு, பின் ரோலரின் இடது போல்ட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்குங்கள். பெல்ட் உடனே நகராது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், அதற்குப் பதில் வலது போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள்.