பெருங்குடலை எடுத்த பிறகு: தேறி வந்தவர்கள் எழுதுங்கள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டு, வயிற்றின் வலப்பக்கத்தில் ஸ்டோமாவோடு, அதாவது சிறுகுடலின் முனையை வெளியே கொண்டுவந்து தைத்த வாயோடு, வாழ்கிறவள் நான். அறுவை சிகிச்சையை விளக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. "குடலை எடுத்தாகிவிட்டது, நோயும் போய்விட்டது, இனி என்ன கவலை?" என்று நலம் விசாரிக்க வந்த எல்லாரும் கேட்டார்கள். நோய் போனது உண்மை. அத்தனை ஆண்டுகளாக அது என் உடம்புக்குப் பழக்கிவைத்தவை மட்டும் போகாமல் தங்கிவிட்டன. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

மருத்துவமனை நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். கால் சிரைகளில் ரத்தம் உறையாமல் இருக்கவும், நுரையீரலில் சளி தங்காமல் இருக்கவும் நடந்தாக வேண்டும். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு ஹெப்பாரின் ஊசி தொடர்ந்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வலி மருந்தைவிட அந்தத் தலையணை உதவியது என்றால் மிகை. ஆனால் உறை மாற்றுவதற்குக்கூட அதை யாரிடமும் தரமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

ஸ்டோமா நர்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்டோமாவிலிருந்து வருவதைச் சேர்க்க அதன்மேல் ஒட்டியிருக்கும் பையை முதன்முறை அவர் கழற்றியபோது நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார் என்று அவர் வற்புறுத்தவில்லை. வேலையைச் செய்தபடியே, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல சிவப்பு. ஈரமாக இருக்கிறது. சுற்றியுள்ள தோல் சுத்தம்." தினமும் அதே வருணனை. கேட்டுக் கேட்டு எனக்கே பார்க்க வேண்டும் போலாகிவிட்டது. பார்த்தேன். உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, மினுமினுத்துக்கொண்டிருந்தது. தொட்டால் வலிப்பதில்லை, தோலில் இருப்பதுபோல் வலியை உணரும் நரம்புகள் அதில் கிடையாது. துடைக்கும்போது துளி ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம், கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே என்றார்.

அவர் கற்றுத்தந்ததில் என் தோலைக் காப்பாற்றியது அளந்து வெட்டும் பழக்கம். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வற்றி ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். முதல் வாரத்து அளவிலேயே பையின் துளையை வெட்டிக்கொண்டிருந்தால், இடைவெளி வழியே சிறுகுடல் நீர் தோலில் படும். அந்த நீரில் செரிமான நொதிகள் இருப்பதால் தோல் வெந்துவிடும். ஒவ்வொரு முறையும் அளந்து, சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன் பையை மாற்றுவது நல்லது. அந்த நேரத்தில்தான் ஸ்டோமா கொஞ்சம் சும்மா இருக்கும்.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் "நிறைய நீர் அருந்தவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதை எழுதியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குடிக்கக் குடிக்கப் பை நிரம்பியதே தவிரத் தாகம் அடங்கவில்லை. எழுந்தால் கண் இருட்டியது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மறுபடியும் மருத்துவமனைக்குப் போய் டிரிப் ஏற்றவேண்டியதாயிற்று. அங்கே ஓர் இளம் மருத்துவர் தாளில் படம் போட்டு விளக்கினார். சிறுகுடலிலிருந்து வரும் நீரில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்வது பெருங்குடல்தான். கூடவே உப்பையும் அது மீட்டுக்கொள்கிறது. அது இல்லாத நிலையில் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால், சிறுகுடல் தன்னிடமுள்ள சோடியத்தை அந்த நீருக்குள் விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து பைக்குப் போய்விடும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். அப்படியல்ல. குளுக்கோஸ் குடல் சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது, நீர் பின்தொடர்கிறது. இலியோஸ்டமி, அதாவது என்னைப்போல் சிறுகுடலில் ஸ்டோமா, செய்துகொண்டவர்கள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நீரிழப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. பையில் சேர்வது நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடனே அழைத்துச் சொல்லுங்கள். நிலைமை படிந்த பிறகு பெரும்பாலும் 500 முதல் 800 மில்லிலிட்டருக்குள் நிற்கும். எனக்கு அந்த அளவுக்கு வர, குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபெரமைடு மாத்திரை தேவைப்பட்டது.

இனி, பழகிப்போன உடம்பு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடுகிறது. பஸ்ஸில் கதவோரத்து இருக்கையில்தான் உட்காருகிறேன். இனி எனக்கு அந்த அவசரம் வர வழியே இல்லை. அறிவுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, முதல் கட்டத்தில் மலக்குடலை உள்ளேயே விட்டிருந்தார்கள். அதிலிருந்து சளி சேரும்போது பழைய அவசரம் அச்சு அசலாக வரும். முதலில் வந்த அன்று நோய் திரும்பிவிட்டது என்று உட்கார்ந்து அழுதேன். இது எதிர்பார்த்ததுதான், கழிப்பறையில் அமர்ந்து சளியை வெளியேற்றினால் அடங்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். இங்கே யாருக்கெல்லாம் இப்படி நேர்ந்தது? எப்போது விட்டது?

*

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தேன். அறுபதைத் தாண்டியவன் நான். உங்களுக்கு வந்த அதே நோய். மூன்று கட்டங்களாக அறுவை சிகிச்சை செய்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து உள்ளேயே ஒரு பை அமைத்து ஆசனவாயோடு இணைத்துவிட்டார்கள். ஜே பவுச் என்பார்கள்.

நீங்கள் நரம்பைப் பற்றிச் சொன்னீர்கள், நான் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடந்த நாட்களில் இதையெல்லாம் தேடிப் படித்ததுதான் என் பொழுதுபோக்கு. 1952இல் பிரையன் புரூக் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், குடல் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் சிறுகுடல் நீர் பட்டு முனையே வீங்கி அடைத்துக்கொள்ளும், சுற்றியுள்ள தோலும் புண்ணாகும். இன்று உங்கள் ஸ்டோமா தோலுக்கு மேலே எழும்பி நிற்கிறது என்றால் அவரால்தான். உள்பை அமைக்கும் முறையை 1978இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் வலி தாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது அந்த நேரத்தில் ஏதோ ஒரு விதத்தில் துணையாக இருந்தது.

பை இணைந்த பிறகு முதல் சில மாதங்கள் கழிப்பறைதான் என் அலுவலகம். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை விடாமல் செய்தேன். இப்போது நாளைக்கு ஐந்தாறு முறை, இரவில் சிலநாள் ஒருமுறை. ஆனால் ஓடவேண்டியதில்லை, காத்திருக்க முடிகிறது. நோய்க்காலத்தில் இதைத்தான் இழந்திருந்தேன். அவ்வப்போது அந்தப் பையே அழற்சி காணும். பவுச்சைட்டிஸ் என்று பெயர். மருத்துவர் எழுதித்தரும் ஆன்டிபயாட்டிக்கில் எனக்கு அடங்கிவிடுகிறது.

பழக்கம் என்று சொன்னீர்களே, என் வீட்டில் அது எனக்கு மட்டும் வரவில்லை. நான் கழிப்பறைக்குள் போனால் என் மகள் இன்றும் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பத்து நிமிடமானால் "அப்பா, ஒன்றுமில்லையே?" என்று கதவருகே குரல் கேட்கும். செய்தித்தாள் படிக்கிறேன் அம்மா என்றாலும் நம்புவதில்லை.

*

மேலே எழுதிய ஐயாவின் மகளுடைய இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். அறுவை சிகிச்சை என் மனைவிக்கு நடந்தது. பார்த்துக்கொண்டவர்களும் இங்கே எழுதலாம் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமில்லை, சட்டென்று கோபம், பிறகு அழுகை. எல்லாவற்றையும் மனக்கவலை என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். பாதி காரணம், அழற்சியை அடக்கக் கொடுத்திருந்த ஸ்டீராய்டு மருந்து. நெடுநாள் எடுத்துக்கொண்ட பிறகு, இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தானாக வேலை செய்வதை நிறுத்திவைத்திருக்கும் என்பதால், மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் மூட்டுவலியும் சோர்வும் வரும். குடலே இல்லை, மருந்து எதற்கு என்று இடையில் யாராவது அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் சொன்னார். நல்லவேளை, என் மனைவி அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அனுப்பிவைத்தாள். தேறிவருகிறாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

ஆனால் மனச்சோர்வு முழுவதும் மருந்தால் வந்ததல்ல. மறுபரிசோதனைக்குப் போனபோது அறுவை மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். கூட இருந்த நர்ஸ்தான், "கண்ணாடி முன் நிற்கிறீர்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. சில நாட்களில் ஏற்கெனவே ஸ்டோமா உள்ள ஒரு பெண்ணை அவர் எங்களைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். வந்தவர் வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். வழக்கமான உடை, தோளில் பை, கொஞ்சம் அவசரம். பேச்சின் நடுவே என் மனைவி தயங்கித் தயங்கி, "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "கண்டுபிடியுங்கள்" என்றார். எங்கள் இருவராலும் முடியவில்லை. ஆலோசனை என்று அவர் எதுவும் சொன்னதாக நினைவில்லை. அவர் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்து பழைய உடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

எடை தூக்க வேண்டாம் என்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் என்றார்கள். வெளியே தோல் சீக்கிரம் ஆறிவிடும், உள்ளே தசைச் சுவர் அவ்வளவு சீக்கிரம் உறுதிப்படாது. ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வந்துவிட்டால் அதற்குத் தனி வைத்தியம் தேவைப்படும்.

*

எல்லாரும் "நோய் போய்விட்டது" என்று எழுதுவதைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது, அக்கா. எனக்குக் க்ரோன்ஸ், குடலில் வரும் இன்னொரு வகை அழற்சி நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதி குறுகி அடைத்துக்கொண்டதால் அதை வெட்டி எடுத்துவிட்டு, பெருங்குடலோடு இணைத்துத் தைத்தார்கள். பை இல்லை. அதனாலேயே பார்ப்பவர்கள் எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கிறார்கள்.

க்ரோன்ஸில் அறுவை சிகிச்சை நோயைத் தீர்ப்பதில்லை. இணைத்த இடத்திலேயே மறுபடி தொடங்கக்கூடும் என்பதால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து பார்க்கிறார்கள். புகைபிடித்தால் திரும்பும் வாய்ப்பு கூடும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது நான் இழந்த அந்தப் பகுதியில்தான், ஆகவே எனக்கு அது ஊசியாகப் போகிறது. பித்த அமிலங்களும் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். அது குறைந்ததால் அவை பெருங்குடலுக்குள் இறங்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கின. நோய் திரும்பிவிட்டது என்றே நானும் முடிவுகட்டியிருந்தேன். அந்த அமிலங்களைப் பிடித்துவைக்கும் கொலெஸ்டிரமின் பொடி கொடுத்தார்கள். சில நாட்களில் நின்றது.

எனவே எனக்குக் கழிப்பறையைத் தேடும் கண் விட்டுப்போகுமா என்ற கேள்வியே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடைப்பு வலி இல்லாமல் ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டு எழுந்தது ஆண்டுகளுக்குப் பிறகு அறுவை சிகிச்சைக்குப் பின்தான். கேட்பவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். என்னோடு மருத்துவமனையில் இருந்த தோழிக்கு இப்போது இலியோஸ்டமி. போட்ட மாத்திரை முழுசாகப் பையில் வந்து கிடக்கிறது என்று பயப்படுகிறாள். இது சாதாரணமா?

*

எனக்கும் வந்தது, தங்கை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளும், குடலுக்குள் போய்க் கரையும்படி பூச்சு பூசியவையும் கரைவதற்குள் வெளியே வந்துவிடலாம். அப்படியானால் மருந்து உடம்பில் சேரவில்லை என்று பொருள். அதற்காக உடைத்தோ பொடித்தோ போட வேண்டாம். அந்த வகை மாத்திரைகளை அப்படிச் செய்யக்கூடாது. தோழி எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோய் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டட்டும். திரவமாகவோ உடனே கரையும் வடிவிலோ மாற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் மாற்றினார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லச் சொல்.

ஐயா, உங்கள் மகளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.