உதகையில் அரை மராத்தான்: உடல் முழுமையாகத் தேறும் முன் ஓடலாமா?

கேள்வி:
கெண்டைக்கால் தசை கிழிந்ததால் எட்டு வாரங்கள் ஓடாமல் இருந்த நான், மீண்டும் தொடங்கி, சென்னையின் சமதளத்தில் 16 கிலோமீட்டர் வரை வலியின்றி ஓடுகிறேன். அடுத்த மாதம் உதகையில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். என் பழைய வேகத்தை அங்கே எதிர்பார்க்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம், நண்பரே. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. முழு உடல்தகுதியோடு சமவெளியிலிருந்து செல்பவர்களின் வேகமே அங்கு குறைந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல், ஓரிரு வாக்கியங்கள் பேச முடிகிற அளவில் மூச்சை வைத்துக்கொண்டு, செங்குத்தான ஏற்றங்களில் தயங்காமல் நடங்கள்.

மறுமொழி 2:
ஏற்றத்தில் கெண்டைக்கால் அதிகம் இழுபடும் என்பதால் உங்கள் காயத்துக்கு அதுவே சோதனை. இறக்கத்திலோ, முன்தொடைத் தசைகள் நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால், பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடும் வலி வரும். நானும் அதை அனுபவித்திருக்கிறேன். மாடிப்படி இறங்கவே முடியவில்லை. சென்னையில் மேடு இல்லையென்றால் மேம்பாலங்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை, போக்குவரத்து இல்லாத அதிகாலையில், குறுகிய காலடிகளுடன் ஏறி இறங்கிப் பழகுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இந்த ஞாயிறே மேம்பாலத்தில் தொடங்குகிறேன். கெண்டைக்காலில் பிடிப்பு தெரிந்தால், உதகைப் பயணத்தையே ஒத்திவைப்பேன்.