மோஷன் டெஸ்ட் நார்மல், பேதி மட்டும் நிற்கவில்லை (எச்ஐவி, சிடி4 குறைவு)

வைகைக்கரை:
மாமாவுக்கு எச்ஐவி இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நூறுக்கும் கீழே. ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள்) ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பிருந்தே தண்ணீர் தண்ணீராகப் பேதி, ரத்தம் இல்லை, சளி இல்லை, ஆள் பாதியாகிவிட்டார். லேபில் மோஷன் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இல்லை என்கிறார்கள், பூச்சி மாத்திரையும் போட்டாயிற்று. ஏஆர்டியால்தான் இப்படி, நிறுத்திவிடவா என்று மாமா கேட்கிறார்.

லேப்காரன்:
மாத்திரைக்கு முன்பே இருந்த பேதிக்கு மாத்திரை மேல் ஏன் பழி? நிறுத்த வேண்டாம். சாதாரண மோஷன் டெஸ்ட்டில் சலைனும் அயோடினும் போட்டுப் பார்ப்போம், அமீபா, ஜியார்டியா, கொக்கிப்புழு முட்டை தெரியும். கிரிப்டோஸ்போரிடியம் என்று பேதி உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணி ஒன்று, அதில் சுலபமாகத் தப்பிவிடும், அளவு 4 முதல் 6 மைக்ரான்தான், பார்த்தால் ஈஸ்ட் மாதிரியே இருக்கும். டிபி சளிக்குப் போடுகிற ஆசிட் ஃபாஸ்ட் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் சிவப்பாகத் தெரியும், ஐசோஸ்போரா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியும் அப்படித்தான். டாக்டர் சீட்டில் எச்ஐவி, சிடி4 விவரத்தோடு இந்தச் சாயத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் பெரும்பாலான லேபில் போட மாட்டார்கள். ஒரு நாள் சாம்பிள் போதாது, கிருமி தினமும் வெளியே வராது, வெவ்வேறு நாளில் மூன்று கொடுங்கள்.

மல்லிகா சிஸ்டர்:
ஐசோஸ்போரா என்றால் நல்ல செய்தி, கோட்ரைமாக்சசோல் நன்றாகக் கேட்கும். சிடி4 குறைவாக இருப்பவர்களுக்கு நிமோனியா வராமலிருக்க தினமும் தருவதும் அதே மாத்திரைதான் (அதில் சல்ஃபா மருந்து இருக்கிறது, சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). கிரிப்டோ என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். நிடாசோக்சனைடு தருவார்கள், ஆனால் சிடி4 இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதை நம்பி உட்கார முடியாது, சிடி4 ஏறினால்தான் குடல் தேறும், அதாவது மாமா நிறுத்தப் பார்க்கிற ஏஆர்டிதான் அதற்கு மருந்து. அதுவரை ஓஆர்எஸ் விடாமல் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ எழுந்தால் தலை சுற்றினாலோ டிரிப்ஸுக்குக் கூட்டிப் போங்கள்.

கேன்வாட்டர் எதிரி:
தண்ணீரை யாருமே கேட்கவில்லையே? கிரிப்டோ குளோரினுக்குச் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேருக்கு வந்தது, இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். கேன் தண்ணீரானாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

வைகைக்கரை:
நன்றி சிஸ்டர், மாமாவிடம் படித்துக் காட்டிவிட்டேன், மாத்திரையைத் தொடர்கிறார். வீட்டில் பூனை இருக்கிறதே, விரட்டிவிட வேண்டுமா?

மல்லிகா சிஸ்டர்:
பாவம், இருக்கட்டும். கழிவை மட்டும் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். அதில் டாக்சோபிளாஸ்மா என்ற, சிடி4 குறைந்தவர்களின் மூளையைத் தாக்கும் கிருமி இருக்கலாம், அது அரைவேக்காட்டுக் கறியிலும் வரும், அதனால் கறி நன்றாக வேகட்டும். தலைவலியோடு ஒரு பக்கம் கைகால் இழுத்தாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி.