ஓடையை அளக்கப் போனபோது: உங்களுக்கு என்ன நடந்தது?

டம்பிலெவல்:
எம்.இ. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக, வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட, சென்னையின் வீராங்கல் ஓடையை அளந்துகொண்டிருந்தோம். ஆதம்பாக்கத்தில் தொடங்கி வேளச்சேரி வரை, ஐம்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, அதாவது ஓடையின் குறுக்கே அகலமும் ஆழமும். நாற்றத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டு ‘டி.பி.எம். 4’ என்று எழுதினேன். மட்டம் எடுக்க நகராத ஒரு புள்ளி வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை போனால், பாலத்தை ஒட்டிய ஓட்டு வீட்டுப் பாட்டி செங்கல் துண்டால் அந்த அம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பாதி போய்விட்டது. விரல் நுனியெல்லாம் சிவப்பு. “பாட்டி, அது சும்மா அளவுக்குப் போட்டது” என்றேன். “நம்பர் போட்டவன் எவன்ப்பா சும்மா போட்டான்? அந்தக் கரையில போட்டாங்க, மறு மாசம் லாரி வந்துச்சு” என்றார். அப்புறம் பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து, வீட்டை இடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அதை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தார்.

எங்கள் அறிக்கையின் வரைபடத்தில் அந்த வீடு வெள்ள அபாயப் பகுதிக்குள் வருகிறது.

பள்ளத்துக்காரன், கோவை:
எனக்கு நடந்தது சங்கனூர்ப் பள்ளத்தில். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். பிவிசி பைப், உள்ளே ஒரு குச்சி, கொஞ்சம் கார்க் தூள். தண்ணீர் எவ்வளவு ஏறியதோ அந்த உயரத்தில் தூள் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். சின்ன ஓடைக்கு நம் கைக்காசில் இதற்கு மேல் என்ன கருவி வைப்பது? முதல் பைப் இரண்டே நாளில் காணோம். இரண்டாவது, பையன்களுக்கு ஸ்டம்ப் ஆகிவிட்டது. மூன்றாவதை டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. வடக்கே மட்டும் இருட்டியிருந்தது. முதலில் நாற்றம் வந்தது, அப்புறம் சத்தம். நுரையும் தெர்மாகோலும் ஒற்றைச் செருப்புகளும் ஒன்றாக உருண்டு வந்தன. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பைப் முங்கிவிட்டது. “கயிறு போட்டுத்தானுங்க கட்டியிருக்கேன், எங்கயும் போகாதுங்க” என்கிறார் கடைக்காரர். நான் பார்த்துக்கொண்டிருந்தது பைப்பை இல்லை. பள்ளத்துக்குள் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மறுநாள் மழை அளவைப் பார்த்தால் தூறல் மாதிரி தெரிந்தது. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரே எண். அரை மணி நேரத்தில் கொட்டியதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் அப்படித்தான் இருக்கும். அந்த மழைமானி இருந்த இடத்தில் மழையே பெய்யாமலும் இருந்திருக்கலாம்.

ரிட்டயர்டு ஜே.இ.:
தம்பி டம்பிலெவல், பாட்டி கதை இருக்கட்டும். குறுக்குவெட்டு எடுத்தது எந்த மாசம்? மே மாசமாகத்தான் இருக்கும். தூர்வாரி முடித்த ஓடை கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அதை அளந்து என்ன பிரயோஜனம்? கான்கிரீட் கரை என்று மேனிங் எண்ணை (ஓடையின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.015 போட்டிருப்பீர்கள். ஆகாயத்தாமரை அடைத்து நிற்கும்போது அது 0.05-ஐத் தாண்டும். அதே உயரத்தில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்கூடப் போகாது. நவம்பரில் மறுபடி போங்கள்.

அப்புறம், கணக்கில் ஓடையின் கீழ்முனையில் என்ன நீர்மட்டம் கொடுத்தீர்கள்? அந்த ஓடை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய் விழுகிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரும் அங்கேதான் வருகிறது. வெளியே போக ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம். சதுப்பு நிலம் நிரம்பிக் கடலும் ஏறியிருந்தால் ஓடைத் தண்ணீர் எங்கே போகும்?

வெள்ளத் தடம் எடுப்பதென்றால் மூன்று நாளுக்குள் எடுங்கள், அப்புறம் வெள்ளையடித்துவிடுவார்கள். சுவர் ஈரத்தை நம்பாதீர்கள், அது மேலே ஊறும். சேற்றுக் கோடு, ஜன்னல் கம்பியில் சிக்கிய குப்பை, இவை பொய் சொல்லாது. தண்ணீர் எதுவரை வந்தது என்று புருஷன் பெண்சாதியைத் தனித்தனியாகக் கேளுங்கள். தாலுகா ஆபீசில் எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) வாங்கி ஓடைப் புறம்போக்கின் அகலத்தையும் பாருங்கள்.

என் அனுபவமா? 2015-ல் ஒரு கல்வெர்ட் (சிறுபாலம்) வாயில் மெத்தை அடைத்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வரவில்லை.

ராம் நகர் வாசி:
எல்லாரும் ஓடையையே பேசுகிறீர்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் படுத்த கெட்டிக்காரன் நான். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமில் குளுக் குளுக் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், தரையில் இருந்த ஜல்லடை மூடி தானாக எழும்பி மிதக்கிறது. வாசலில் இன்னும் இரண்டு படி பாக்கி இருந்தது. தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது சார்! பீரோ கீழ்த்தட்டில்தான் வீட்டுப் பத்திரம். ஐந்து நாள் மாடி வீட்டுக்காரர் சாப்பாடு போட்டார். உங்கள் கணக்கில் என் பாத்ரூம் ஓட்டை எங்கே வருகிறது?

ரிட்டயர்டு ஜே.இ.:
அதைத்தானே கீழ்முனை மட்டம் என்று எழுதினேன்? போகிற இடத்தில் மட்டம் ஏறினால் குழாய் வழியாகத் திரும்பி வரும். முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

ராம் நகர் வாசி:
படித்தேன் சார். பாத்ரூம் என்ற வார்த்தை அதில் இல்லை.

டம்பிலெவல்:
மே இல்லை சார், ஜூன். மேனிங் எண் நீங்கள் சொன்ன 0.015-தான் போட்டேன், மாற்றிப் பார்க்கிறேன். பெயிண்ட் அடிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது கான்கிரீட் ஆணி அடிக்கிறோம், யார் கண்ணுக்கும் படாது.

ரிட்டயர்டு ஜே.இ.:
ஆணியா? இரும்பு. பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

பள்ளத்துக்காரன், கோவை:
பக்கத்தில் டீக்கடை இருந்தால் சொல்லி வையுங்க.