என்கிட்டயுமாம்மா கேக்கே?

அம்பை மைனி:
மே மாசம் எங்க தெருப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆத்துல நீச்சல், சாயங்காலம் சிலம்பம், கொஞ்சம் கணக்கு என்று ஏற்பாடு செய்தோம். சொல்லித்தர வருகிறவர்கள் எல்லாரும் சும்மா வருகிறவர்கள், காசு கிடையாது. அவர்களிடம் விவரப் பாரம் (ஃபார்ம்) எழுதி வாங்கும் வேலை என் தலையில். ஆதார் நகல், விசாரிக்க ரெண்டு பேர் நம்பர், போலீஸ் சரிபார்ப்பு, அவ்வளவுதான். எல்லாரும் கொடுத்தார்கள். கணக்குக்கு ஒத்துக்கொண்ட சார் மட்டும், என் வீட்டுக்காரருக்கே அஞ்சாப்பு எடுத்தவர், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். அப்புறம் பாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என்கிட்டயுமாம்மா கேக்கே?" என்றார். "எல்லார்கிட்டயும்தான் சார்" என்றேன். மறுநாள் வரவில்லை. இப்பவும் படித்துறையில்தான் உட்கார்ந்திருப்பார், நான் துவைத்து முடித்துக் கிளம்பும் வரை பேப்பரை விட்டுத் தலையை எடுக்க மாட்டார். நான் செய்தது தப்பில்லைதான். ஆனாலும் உறுத்துது.

பேட்டை அண்ணாச்சி:
மைனி, கோவிச்சுக்கிடாதீங்க, நான் சார் பக்கம். பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித்தர என்னிடமும் ஒரு இடத்தில் இதே போலீஸ் சான்று கேட்டார்கள், நானும் விண்ணப்பம் போட்டேன். ஏட்டையா விசாரிக்க வந்த நேரம் நான் கடையில். எதிர்வீட்டு ஆச்சியிடம் "ஆளு எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்திரி தெருவுக்குள் நுழைந்தால் பால்காரர் வரைக்கும் "என்ன கேசு அண்ணாச்சி?" நம்ம பக்கம் யார் எப்படி என்று ஊருக்கே தெரியும்லா, தாள் எதுக்கு?

சங்கரன்கோவில்காரி:
அண்ணாச்சி, எங்களுக்கு வந்தவனும் ஊருக்குத் தெரிஞ்ச ஆள்தான். சான்றும் சுத்தம். டியூஷன் முடிந்து பிள்ளைகளை ஒவ்வொருத்தராக பைக்கில் கொண்டுவிடுவான், நாங்களும் நல்ல பையன் என்றுதான் இருந்தோம். ஒருநாள் என் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "அந்த அண்ணன் வண்டியில ஏற மாட்டேம்மா." அதுக்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னால், "சர்டிபிகேட் கிளீனா இருக்குல்லாக்கா" என்கிறார்! விசாரித்த பிறகுதான் தெரிந்தது, இதுக்கு முன்னால் இருந்த இடத்தில் அவனை சத்தமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். புகார் இல்லை, கேஸ் இல்லை, அப்புறம் போலீஸ் தாளில் என்ன வரும்? அனுப்பினவர்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். நானும்தான் போடவில்லை.

லண்டனில் ஒரு வள்ளியூர்க்காரன்:
இங்கே சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஆனா ஆவன்னா சொல்லித்தருகிறேன். சேரும்போது டிபிஎஸ், அதாவது இந்த நாட்டுக் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு, கேட்டார்கள், எழுதிக்கொடுத்தேன், முடிந்தது. தன்னார்வலர் என்றால் அரசுக் கட்டணம்கூட இல்லை. யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஏனென்றால் தலைமை ஆசிரியர் முதற்கொண்டு எல்லாரும் கொடுத்தவர்கள். அதிலும் விரிவான வகை என்றால், தண்டனை ஆகாவிட்டாலும் உள்ளூர் போலீஸ் கையில் பொருத்தமான தகவல் இருந்தால் அதையும் சேர்க்கலாம். 2002-ல் சோஹம் என்ற ஊரில் பத்து வயசுப் பெண்பிள்ளைகள் ரெண்டு பேரை ஒரு பள்ளிப் பராமரிப்பு ஊழியன் கொன்றான். வேறு மாவட்டத்தில் அவன் மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. வேலைக்கு எடுக்கும்போது சோதித்தார்கள், ஆனால் அவனுக்கு இருந்த ரெண்டு குடும்பப் பெயரில் ஒன்றை வைத்து மட்டும் தேடினார்கள். நம்ம பக்கம் ஆதாரில் ஒரு பேரு, வீட்டில் ஒரு பேரு, தெருவுக்கு நாலு இசக்கிமுத்து. அதனால் எல்லாப் பெயரும், முன்னால் இருந்த விலாசமும் கேளுங்க. இந்தியாவில் 2020 போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் சட்டம்) விதிகளில் பள்ளி, விளையாட்டுப் பயிற்சி இடம் எல்லாவற்றுக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம்தான், ஆனால் வாசித்துப் பார்த்தால் ஊழியர் என்றுதான் இருக்கிறது. சும்மா வருகிறவர் அதில் விடுபட்டுப் போகிறார். பாலியல் குற்றவாளிகள் பட்டியல் ஒன்று 2018-ல் தொடங்கினார்கள், அதையும் போலீஸ்தான் பார்க்க முடியும். பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, வண்டியில் தனியாக ஏற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் 1098, பிள்ளைகளுக்கான உதவி எண். நடந்தது தெரிந்தும் மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். அம்பை மைனி, ஒன்று கேட்கிறேன், சாரிடம் நீட்டும்போது உங்க பாரத்தை மேலே வைத்துக் காட்டினீங்களா?

பேட்டை அண்ணாச்சி:
லண்டன் தம்பிக்கு அங்கே எல்லாம் போனிலேயே முடியும். இங்கே ஏட்டையா யூனிபார்மில் வராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும், அதை எழுதுங்க. தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது என்றது சரி.

அம்பை மைனி:
இப்போதான் ஃபைலை எடுத்து எண்ணினேன். பதினோரு பாரம் இருக்கு. என்னுடையது இல்லை. தினம் காலையில் பிள்ளைகளை ஆத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது நான்தான்.