நூலகத்தில் கழித்த புத்தகங்கள்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நூலகத்தில் கழித்த, அதாவது இனி வேண்டாமென்று ஒதுக்கிய, புத்தகங்களை மலிவாக விற்கப் போகிறார்களாம். எங்கள் வீட்டுப் புத்தகங்கள் 2009 இடப்பெயர்வோடு போனவை. மகள் இந்த முறை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறாள். பாடநூல் பள்ளிக்கூடத்திலேயே இலவசம், அதனால் கதைப் புத்தகங்கள்தான் தேடுகிறேன். அம்மம்மாவுக்குப் பெரிய எழுத்தில் புராணக் கதைகள்.

பழைய பயிற்சிப் புத்தகங்கள் இப்போதைய பாடத்திட்டத்துக்கு உதவுமா? அப்புறம், கறையான். முதுகு மட்டையை விரித்து, தையலோரம் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் இராமபாணப் பூச்சி இருந்தால் என்ன செய்வது? வெயிலில் காயவைத்தால் தாள் மஞ்சளாகிவிடும், வேறு வழி இருக்கிறதா? இப்படி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ. காலையிலேயே போக வேண்டுமா, பின்னேரம் விலை இன்னும் குறைப்பார்களா?