மரம் அறுத்தபோது கிடைத்த கிளிக்குஞ்சு, எப்படிப் பழக்குவது?

தோப்புக்காரன்_ஆனைமலை:

வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. வேர் வாடல் நோயில் பட்டுப்போன மரங்களை முந்தாநாள் மிஷின் வைத்து அறுத்தோம். அதில் மண்டை போன ஒரு மொட்டை மரத்தில், பாதி உயரத்துக்கு மேலே மரங்கொத்தி போட்ட பொந்து இருந்திருக்கிறது, யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மரம் விழுந்த பிறகுதான் உள்ளே இருந்து சத்தம். இரண்டு குஞ்சு. ஒன்று அங்கேயே போய்விட்டது, இன்னொன்றைத் துண்டில் சுற்றித் தோப்பில் இருக்கிற எங்கள் சாளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

கண் திறந்திருக்கிறது. இறக்கையிலும் வாலிலும் பேனா முள் மாதிரி குச்சி குச்சியாகப் பச்சை எட்டிப் பார்க்கிறது, வயிறு மட்டும் ரோஸ் நிறத்தில் மொட்டையாக இருக்கிறது. அம்மிச்சி சொன்னதைக் கேட்டு ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்து இங்க் ஃபில்லரில் விட்டேன், முதல் நாள் ஆவலாகத் தின்றது. இன்றைக்கு வெடியால பார்த்தால் கழுத்துக்குக் கீழே இருக்கும் பை, நேற்று இராத்திரி இருந்த மாதிரியே புடைத்து நிற்கிறது. வாயருகே மோந்தால் புளிச்ச மாவு வாசம்.

மகளுக்கு ஏழு வயது. அதற்குள் பேர் வைத்துவிட்டாள், பேசப் பழக்கியே ஆக வேண்டும் என்று ஒரே பிடி. என்ன கூண்டு வாங்குவது, எப்போது கையில் பழக்க ஆரம்பிப்பது? பக்கத்துத் தோட்டத்து மாமா, இறக்கையை இப்போதே வெட்டிவிட்டால் எங்கேயும் போகாது என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பல்லடம்_பண்ணைக்காரன்:

அண்ணா, பழக்குவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாலை நிறுத்துங்க. பால் சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. அதோடு ரஸ்க்கும் சேர்ந்து, கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்த இரைப்பைக்குள் களி மாதிரி பிடித்திருக்கும், புளிச்ச வாசம் வந்தால் உள்ளே ஈஸ்ட் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அது காலியாகாமல் மேலே மேலே தீனி வைக்காதீங்க. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிற வீடியோ எல்லாம் சுற்றுகிறது, அதைச் செய்தால் மூச்சுக்குழலில் ஏறி உங்கள் கையிலேயே போய்விடும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்க. பறவை பார்த்துப் பழக்கம் உள்ளவரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்க. பக்கத்தில் யாரும் அமையாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தூரம்தான்.

இன்னொன்று சூடு. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிக் குஞ்சு சாவது இதில்தான். நான் கோழிப்பண்ணைக்காரன், கிளி எனக்குத் தெரியாது, ஆனாலும் குஞ்சு குஞ்சுதானே. உடம்பு குளிர்ந்திருந்தால் தின்றது எதுவும் செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். அட்டைப்பெட்டியில் ஒரு ஓரமாக மட்டும் 40 வாட் குண்டு பல்பு கட்டுங்க, அலகு முட்டாத உயரத்தில். ஓரமாக எதற்கு என்றால், சூடு அதிகமானால் அதுவே நகர்ந்து அந்தப் பக்கம் போக இடம் வேண்டும். முள் இறகு வந்த குஞ்சுக்கு 28, 29 டிகிரி போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி இறக்கையைத் தள்ளிப் பிடித்தால் சூடு அதிகம், குறுகி நடுங்கினால் குறைவு. அடியில் பேப்பர் விரிக்காதீங்க, கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும், பிறகு நேராகவே ஆகாது. பழைய பருத்தித் துண்டு போடுங்க. எறும்பு ஏறாமல் பெட்டியைத் தண்ணித் தட்டுக்கு நடுவில் செங்கல் வைத்து அதன்மேல் வையுங்க.

வெள்ளோடு_ஏரிக்கரை:

பண்ணைக்கார அண்ணா சொன்னது அத்தனையும் சரி. தீனி விஷயம் நான் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்கு விழுந்த குஞ்சுகளைக் கொண்டு வந்து கொடுக்கிறவர்கள் நிறைய.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கோயம்புத்தூரில் பறவை விற்கிற கடைகளில் ஹேண்ட் ஃபீடிங் பொடி, அதாவது குஞ்சுக்குக் கையால் ஊட்டுகிற தீனிப்பொடி என்று கேட்டால் கிடைக்கும். அது வரும்வரை ஒரு நாள் இரண்டு நாளைக்குப் பாசிப்பயறு குழைய வேகவைத்து மசித்து, வெந்த முட்டை மஞ்சள் கரு துளி சேர்த்துக் கொடுக்கலாம். உப்பு, சர்க்கரை வேண்டாம். தோசை மாவை விடக் கொஞ்சம் தளர இருக்கணும். சூடு 39 டிகிரி, தெர்மாமீட்டர் வைத்தே பாருங்க. ஆறிப்போனால் துப்பும், 43-ஐத் தாண்டினால் இரைப்பை வெந்து ஓட்டை விழுந்துவிடும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மார்புத் தோல் கருத்து உள்ளே போட்ட தீனி வெளியே வந்தது.

இங்க் ஃபில்லரைத் தூக்கி எறிங்க. ஒரு சின்ன ஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக மடக்கினால் ஓடை மாதிரி ஆகிவிடும், குஞ்சின் இடதுபுறம் இருந்து நீட்டுங்க. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி வாங்கும், அந்த ஆட்டம் இருக்கும்போதுதான் விழுங்கும், நின்றதும் நீங்களும் நிறுத்திவிடணும். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத் துளை இருக்கிறது. தண்ணி தனியாக ஊற்றவே வேண்டாம், தீனியில் இருக்கிற ஈரமே போதும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இராத்திரி பதினொன்றுக்குக் கடைசி, அப்புறம் வெடியாலதான். இடையில் இரைப்பை ஒரு தடவையாவது சுத்தமாகக் காலியாகணும். சமையல் தராசில் தினமும் வெடியால, தீனிக்கு முன்னால் எடை போட்டு எழுதி வையுங்க. வளர்ந்த பச்சைக்கிளியே ஏறக்குறைய 120 கிராம்தான், இரண்டு மூன்று கிராம் குறைந்தாலும் கவனிக்கணும்.

இறக்கையை வெட்டச் சொன்ன மாமாவுக்கு ஒன்று சொல்லுங்க. முளைத்து வருகிற முள்ளுக்குள் இரத்தம் ஓடும், வெட்டினால் குழாய் திறந்த மாதிரி வடியும்.

கேட்க மறந்துவிட்டேன், தாய்க்கிளி தகப்பன்கிளி இன்னும் அங்கே சுற்றுகிறதா?

கிளிவளர்த்தவன்_காங்கேயம்:

சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். பழக்குவது ஒரு வேலையே இல்லைங்க. கையால் ஊட்டின குஞ்சு தானாகவே ஒட்டிக்கொள்ளும், தோளை விட்டு இறங்காது, பிரச்சினையே அதுதான். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்புச்சி ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். மூன்றாவது வருஷம் கழுத்தில் வளையம் வந்த பிறகுதான் ஆண் என்றே தெரிந்தது. அதோடு குணமும் மாறிவிட்டது, என்னைத் தவிர வீட்டில் யார் விரலையும் விடாது. ஒரு நாள் கூண்டுக் கதவு திறந்து கிடந்தது, பறந்துவிட்டது. புளிய மரத்தில் காட்டுக்கிளிக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, இது அங்கே போகவில்லை. ரோட்டில் போன யாரோ ஒருவர் தோளில் போய் உட்கார்ந்ததாம், அவர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். காக்காய் வந்தால் ஒளியக்கூட அதற்குத் தெரியாது, நான்தானே அப்படி வளர்த்தேன்.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பதே குற்றம், கிளி ஜோசியக்காரர்கள் மேலேயே வழக்குப் போடுகிறார்கள். கடையில் விற்கிற லவ் பேர்ட்ஸ், காக்கடீல் எல்லாம் வெளிநாட்டுச் சாதி, அது வேற கணக்கு. பாப்பாவுக்கு அதில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்க.

தோப்புக்காரன்_ஆனைமலை:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று மதியமே டாக்டரிடம் போய்விட்டோம். வெதுவெதுப்பான தண்ணி விட்டு இரைப்பையைக் கழுவி, மருந்தும் கொடுத்தார். இராத்திரிக்குள் பை வற்றிவிட்டது, இன்றைக்கு வெடியால 74 கிராம். பொடி நேற்றே வாங்கிவிட்டேன். இப்போது பல்புக்குக் கீழே ஒற்றைக்காலில் நின்று தூங்குகிறது. அம்மிச்சிதான் கோபமாக இருக்கிறது, நாங்களெல்லாம் பாலூட்டி வளர்க்கவில்லையா என்று.

ஏரிக்கரை கேட்டதற்குப் பதில், ஆமாங்க. மரம் விழுந்ததில் இருந்து இரண்டு கிளி பக்கத்து மரத்து மட்டையில் உட்கார்ந்து கத்துகிறது. பெட்டியை வாசலில் வைத்தால் குஞ்சும் உள்ளே இருந்து பதில் கொடுக்கிறது. முதலில் நான் அது பசிக்குக் கத்துகிறது என்று நினைத்தேன். ஆனால் மனுஷக் கை பட்டுவிட்டதே, இனிமேல் சேர்க்குமா?

வெள்ளோடு_ஏரிக்கரை:

கை வாசத்துக்கு ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் சும்மா கதை. குரலைக் கேட்டுத்தான் தேடுது, இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்றால் அதிர்ஷ்டம்தான். ஆனால் டாக்டர் மருந்து முடிந்தது என்று சொல்லாமல் குஞ்சை மரத்தின் மேலே வைக்காதீங்க. அதுவரை பகலில் பெட்டியை அந்த மரத்தடியில் வைத்து நீங்கள் தள்ளி உட்காருங்க, சத்தம் விட்டுப்போகக் கூடாது. பூனை, காக்காய் மேல் கண் இருக்கட்டும்.

அறுத்துப் போட்ட மரத்தில் பொந்து இருந்த துண்டு கிடக்கிறதா? கிடந்தால் குஞ்சை வைக்க அதை விட நல்ல கூட்டுப்பெட்டி வேறு வேண்டாம். இரண்டடித் துண்டாக அறுத்து, மேலும் கீழும் பலகை அடித்து, கிளிகள் உட்காருகிற மரத்திலேயே ஏறிக் கட்டச் சொல்லுங்க. குஞ்சை உள்ளே வைத்த பிறகு சாளைத் திண்ணையில் இருந்து பாருங்க, கிட்டே போகாதீங்க. பொழுதோடு இருட்டும்வரை ஒன்றுகூட உள்ளே தலை விடவில்லை என்றால் குஞ்சைக் கீழே இறக்கி ஊட்டிவிட்டு மறுநாளும் பாருங்க. அதற்கும் வரவில்லை என்றால் பொள்ளாச்சி வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்க. குஞ்சு கையில் இருப்பதை இப்போதே போன் போட்டு அவர்களிடம் சொல்லி வைத்துவிடுவதும் நல்லது, பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பாப்பாவை முத்தம் கொடுக்க விடாதீங்க. எச்சத்தில் இருந்து மனுஷருக்குக் காய்ச்சல் வரும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

தோப்புக்காரன்_ஆனைமலை:

துண்டு கிடக்கிறதுங்க, நல்லவேளை விறகுக்குப் போகவில்லை. வனச்சரகத்துக்கும் சொல்லிவிட்டேன், முயற்சி பண்ணிப் பாருங்க, ஆகாவிட்டால் கொண்டு வாங்க என்றார்கள். மரமேறுகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறாராம், மருந்தும் அன்றைக்கு முடிகிறது. மகள் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, ஆனால் எடை நோட்டு அவள்தான் எழுதுகிறாள். ஒரே ஒரு சந்தேகம், பொந்து எந்தத் திசையைப் பார்த்து இருக்கணும்?

பல்லடம்_பண்ணைக்காரன்:

பழைய மரத்தில் எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் வையுங்க அண்ணா. அடிப்பலகையில் தண்ணி வடிய இரண்டு ஓட்டை போட்டுவிடுங்க, கோடை மழை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும்.